கூடிப் பயிரிட்ட கொல்லை



பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், கவிதைக்கென அமைந்த மேடையில், கத்தரியும் வெண்டையும் பற்றிய உரைக்கு என்ன வேலை என்று அவையில் சிலர் எண்ணக்கூடும். எண்ணுவதில் தவறில்லை. தமிழ்ப் பாட்டு நெல்லைப் பாடியிருக்கிறது, கரும்பைப் பாடியிருக்கிறது, வரகையும் தினையையும் பாடியிருக்கிறது. காய்கறிச் செடி பெரும்பாலும் வேலியோரத்தில்தான் நின்றிருக்கிறது. ஊதியம் பெறாத பலர் ஓரிடத்தில் கூடி, தங்களுக்குச் சொந்தமில்லாத மண்ணில் காய்கறி விளைவிக்கும் வழக்கம் உலக நகரங்கள் பலவற்றில் அரை நூற்றாண்டாகப் பரவி வருகிறது. அந்த வழக்கம் எதனால் வாழ்கிறது, எங்கே அறுபடுகிறது என்பதே இவ்வுரையின் பொருள். கம்மாபுரத்தில் இதைப் பேசுவதற்குத் தனிக் காரணமும் உண்டு. அது பின்னர் வரும்.

முதலில் ஒரு சொல்லைப் பார்க்கலாம். கடலூர் மாவட்டத்துப் பேச்சில் 'கொல்லை' என்றால் மேட்டு நிலம். கம்பும் மல்லாட்டையும் முந்திரியும் விளையும் இடம். கொள்ளிடம் தாண்டித் தஞ்சைப் பக்கம் போனால் அதே சொல் வீட்டின் பின்புறத்தைக் குறிக்கும். பழைய இலக்கியத்தில் கொல்லை முல்லை நிலத்துக்கு உரியது. வீட்டையொட்டிய தோட்டத்துக்குச் சங்கப் பாடல்கள் 'படப்பை' என்ற அழகிய சொல்லை வைத்திருந்தன. கொல்லையாயினும் படப்பையாயினும் அதற்கு உடையவர் ஒருவர் உண்டு. ஊருக்குப் பொதுவானவை வேறு. நீருக்கு ஏரி, மாட்டுக்கு மந்தைவெளி, கதிரடிக்கக் களம் என்று அவை பிரிந்து கிடந்தன. காய்கறிக்கென்று ஒரு பொது இடம் தமிழ்ச் சிற்றூரில் இருந்ததாகத் தெரியவில்லை. அதற்கெனத் தனிச் சொல்லும் இல்லை. காரணம் எளியது. கையளவு மண்ணாவது இருந்த வீடுகளில் கூரை மேல் சுரை ஏறியது, பந்தலில் பீர்க்கு தொங்கியது, கழுவுநீர் ஓடும் வாய்க்காலோரம் நாலு கத்தரிச்செடி நின்றது. அவரை மிகுதியாகக் காய்த்த நாளில் பக்கத்து வீட்டுக்கு ஒரு முறம் கொடுத்தனுப்பினார்கள். அதற்குக் கணக்கும் இல்லை, பெயரும் இல்லை. பொதுத்தோட்டம் என்பது இந்தப் பின்புறத்தை இழந்த மனிதர் தேடிக்கொண்ட மாற்று. இழப்பு நேர்ந்த இடத்தில்தான் அது முளைக்கிறது.

இழப்பைப் பற்றி இப்பகுதி மக்களுக்கு எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பெற்றது. 1957இல் சுரங்கம் தோண்டும் பணி தொடங்கியது. நாட்டுக்கு மின்சாரம் கிடைத்தது. பல்லாயிரவர்க்கு வேலை கிடைத்தது. அதை மறைப்பது நன்றியன்று. ஆயினும் ஊர் ஊராக நிலம் போயிற்று. நிலத்துக்கு விலை பேசினார்கள். மரத்துக்கும் கிணற்றுக்கும் கணக்குப் போட முடியும். கூரைமேல் படர்ந்த சுரைக்கொடியை எந்தப் படிவத்தில் எழுதுவது? மாற்று மனைக்குக் குடிபெயர்ந்தவர் வீட்டைக் கட்டிக்கொள்ளலாம். பின்புறத்துக்கு இடம் மிஞ்சுவது அரிது. 2023 சூலையில் சேத்தியாத்தோப்பு அருகே வளையமாதேவியில், கால்வாய் வெட்டுவதற்காக, வயலில் நின்ற நெற்பயிரின் மீதே மண்வாரி எந்திரங்கள் இறங்கியதை அவையோர் மறந்திருக்க மாட்டார்கள். நிலம் முன்பே கையகப்படுத்தப்பட்டுவிட்டது என்பது நிறுவனத்தின் விளக்கம். பயிர் கண்ணெதிரே நின்றது என்பது உழவரின் முறையீடு. இரண்டும் உண்மை. மண்ணின் உரிமை ஓரிடத்திலும் பயிரின் உரிமை வேறிடத்திலும் இருந்தால் என்ன நேரும் என்பதற்கு அதைவிட வெளிப்படையான சான்று வேண்டியதில்லை.

இதே முடிச்சைக் கடல் கடந்த ஒரு பெருநகரமும் அவிழ்க்க முயன்றது. 1970களில் நியூயார்க் நகரம் பெரும் பணமுடையில் சிக்கியிருந்தது. வரி கட்ட இயலாத உரிமையாளர்கள் கட்டடங்களைக் கைவிட்டுப் போனார்கள். எரிந்தும் இடிந்தும் கிடந்த மனைகள் மாநகராட்சியின் கைக்கு வந்தன. அங்கே குப்பை குவிந்தது. 1973இல் லிஸ் கிறிஸ்டி என்ற ஓவியப் பெண்மணியும் அவருடைய நண்பர்களும் பவரி, ஹவுஸ்டன் என்னும் இரு தெருக்கள் சந்திக்கும் மூலையில் இருந்த அத்தகைய மனை ஒன்றில் புகுந்து, குப்பையை அள்ளி வெளியேற்றி, நல்ல மண் கொண்டுவந்து கொட்டி, அறுபது காய்கறிப் பாத்திகள் அமைத்தார்கள். தங்களைப் 'பசுமைக் கெரில்லாக்கள்' என்று அழைத்துக்கொண்டார்கள். வேலி தாண்டி எறிவதற்கு நீரும் விதையும் உரமும் அடைத்த உருண்டைகளைச் செய்தார்கள் என்பதை நினைத்தால் அந்தப் பெயர் மிகையில்லை. 1974இல் மாநகராட்சி அந்த மனையை மாதம் ஒரு டாலர் வாடகைக்கு விட்டது. அந்த ஒரு டாலர் ஒரு முன்மாதிரியாயிற்று. நூற்றுக்கணக்கான காலிமனைகள் தோட்டங்களாயின. 1978இல் மாநகராட்சியே இதற்கென ஒரு திட்டத்தை வகுத்து, பெயரளவு வாடகைக்கு மனைகளைக் கொடுத்தது. போர்ட்டோரிக்கோவிலிருந்து வந்தவர் தம் ஊர்க் கீரையை அங்கே விதைத்தார். தெற்கு மாநிலங்களிலிருந்து வந்த கறுப்பின முதியவர் தம் ஊர் வெண்டையை விதைத்தார்.

அவையிலுள்ள பாவலர்கள் ஒரு கேள்விக்கு விடை சொல்ல வேண்டும். தொல்காப்பியம் நிலத்தைப் பகுத்து வைத்திருக்கிறது. எரிந்த கட்டடத்தின் அடித்தளத்தில், செங்கல் தூளுக்கு நடுவே, நாலு நாட்டு மனிதர் கூடி வெண்டை விதைக்கும் நகரத்து மனை எந்தத் திணையைச் சேரும்? திணைமயக்கம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள வேண்டாம்.

நகரம் செழித்தது, மனையின் விலை ஏறியது. குப்பைமேடாக இருந்தபோது எவருக்கும் வேண்டாத மண், தோட்டக்காரர்கள் அதை அழகாக்கியதும் எல்லாருக்கும் வேண்டியதாயிற்று. தெருவை வாழத்தக்கதாக்கியவர்களின் உழைப்பே அவர்களை வெளியேற்றும் விலையையும் ஏற்றிவிட்டது. 1999இல் நூற்றுக்கு மேற்பட்ட தோட்டங்களை ஏலம் விட மாநகராட்சி நாள் குறித்தது. ஏலத்துக்கு முன்பே பொதுநில அறக்கட்டளை ஒன்றும், நடிகை பெட் மிட்லர் நிறுவிய அமைப்பும் சேர்ந்து 42 இலட்சம் டாலர் கொடுத்து அவற்றை வாங்கிக் காப்பாற்றின. எல்லாத் தோட்டத்துக்கும் அந்தப் பேறு வாய்க்கவில்லை. 2000 பிப்ரவரியில் எஸ்பெரான்சா என்ற தோட்டம் இடிக்கப்பட்டது. அந்த ஸ்பானியச் சொல்லுக்கு 'நம்பிக்கை' என்று பொருள். கவிதையில் எழுதினால் செயற்கை என்று திருத்தச் சொல்லக்கூடிய பெயர். அங்கே உண்மையாகவே அதுதான் பெயர்.

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக் கதை கம்மாபுரத்தார்க்கு இன்னும் நெருக்கமானது. நகரின் தென்பகுதியில் 14 ஏக்கர் நிலத்தைக் குப்பை எரிப்பு ஆலைக்காக மாநகராட்சி கையகப்படுத்தியது. மக்கள் எதிர்த்ததால் ஆலை வரவில்லை. 1992இல் நடந்த கலவரத்துக்குப் பின் அந்த நிலத்தைப் பயிரிட ஏழைக் குடும்பங்களுக்கு விட்டார்கள். ஏறத்தாழ 350 குடும்பங்கள் அங்கே சோளமும் பீன்சும் கீரையும் விளைவித்தன. பெரும்பாலோர் மெக்சிகோவிலிருந்தும் நடு அமெரிக்காவிலிருந்தும் வந்தவர்கள். பிறந்த ஊரின் விதையைக் கையோடு கொண்டு வந்தவர்கள். 2003இல் மாநகராட்சி அந்த நிலத்தைப் பழைய உரிமையாளர்க்கே விற்றது. வழக்கு நடந்தது; போராட்டம் நடந்தது. 2006 சூன் 13ஆம் நாள் காவலர் வந்தனர், எந்திரம் இறங்கியது. பத்தாண்டுக்கு மேல் உழைத்துப் பண்படுத்திய மண்ணைத் தோண்டி எடுத்துக்கொண்டு போக அவர்களால் இயலுமா?

மண்ணைப் பண்படுத்துவது என்னும்போது அதில் அடங்கிய உழைப்பு எத்தகையது என்பதைச் சற்று நின்று பார்ப்பது நல்லது. ஏனெனில் பொதுத்தோட்டத்தைப் பற்றி எழுதுவோர் விளைச்சலைப் புகழ்வார்கள், மண்ணை மறந்துவிடுவார்கள். நகரத்தில் மண் என்பதே முதலில் இல்லை. மும்பையில் நிகழ்ந்தது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் பணியாளர்க்கு உணவு சமைக்கும் மையச் சமையற்கூடம் ஒன்று இருந்தது. உணவுப் பிரிவு அலுவலராயிருந்த பிரீத்தி பாட்டீல், நாள்தோறும் வீணாகும் காய்கறித் தோலையும் மீந்த உணவையும் பார்த்து, 2002இல் அந்தக் கூடத்தின் மொட்டை மாடியிலேயே தோட்டம் தொடங்கினார். சமையற்காரர்களே தோட்டக்காரர்களும் ஆனார்கள். ஏறத்தாழ 3,000 சதுர அடி மாடியில் கீரையும் காயும் பழமும் விளைந்தன. சமையலின் கழிவு மாடிக்கு ஏறி மண்ணாயிற்று. 2009இல் இந்தப் பட்டறிவைப் பொதுமக்களோடு பகிர்ந்துகொள்ள 'அர்பன் லீவ்ஸ்' என்ற தன்னார்வ அமைப்பு உருவாயிற்று. தாராவியை அடுத்துள்ள மகாராட்டிர இயற்கைப் பூங்காவில் அதன் தொண்டர்கள் கூடிப் பயிரிட்டனர். அந்தப் பூங்காவே ஒரு காலத்தில் நகரக் குப்பை கொட்டிய மேட்டின் மீது எழுந்தது. தமிழர் செறிந்து வாழும் தாராவிக்கு அது கூப்பிடு தூரம்.

அவர்கள் கைக்கொண்ட முறை மராட்டிய அறிஞர் தபோல்கர் வகுத்துச் சென்ற வழியில் வந்தது. பசுஞ்சாணம் ஒரு கிலோ, கோமியம் ஒரு லிட்டர், கருப்பு வெல்லம் 50 கிராம், தண்ணீர் 10 லிட்டர் கலந்து மூன்று நாள் புளிக்க வைப்பார்கள். தமிழக இயற்கை உழவர்கள் அமுதக்கரைசல் என்று சொல்வதன் உடன்பிறப்பு இது. அதைப் பத்து மடங்கு நீரில் கலந்து, உலர்ந்த இலைச்சருகை ஒரு நாள் ஊற வைத்து, சருகு ஓரடுக்கும் சிறிது மண் ஓரடுக்குமாகப் பத்தடி நீளம், மூன்றடி அகலம், ஓரடி உயரத்தில் குவிப்பார்கள். வாரந்தோறும் கிளறிவிடுவார்கள். சருகு மக்கியதும் அதன் மேல் பலவகை விதைகளைக் கலந்து தூவுவார்கள். முளைத்த செடிகளை 21ஆம் நாள் சிறிது நறுக்கி மண்ணுக்கே போடுவார்கள். 42ஆம் நாள் மறுபடியும் நறுக்குவார்கள். 63ஆம் நாள் அடியோடு அறுத்து அங்கேயே மூடுவார்கள். இளந்தளிரும் முதிர்ந்த இலையும் காய்ந்த தண்டும் தரும் சத்து வெவ்வேறு என்பது அதன் கணக்கு. எல்லாம் முடிந்து மண் கைக்கு வர ஏறத்தாழ 140 நாட்கள். அதுவரை ஒரு காய்கூடக் கண்ணில் படாது. அதன் பிறகுதான் கத்தரி நாற்று.

இந்த 140 நாளில்தான் தொண்டர் யார், வேடிக்கை பார்க்க வந்தவர் யார் என்பது தெரிந்துபோகும். நடுகின்ற நாளில் கூட்டம் திரளும், புகைப்படம் எடுப்பார்கள். களையெடுக்கும் நாளில் விரல் விட்டு எண்ணிவிடலாம். காய்ப்பு நாளில் கூட்டம் மறுபடியும் வரும். பறித்ததை எப்படிப் பங்கிடுவது என்ற பூசல் இல்லாத பொதுத்தோட்டம் உலகில் இருக்க முடியாது. அன்றன்று உழைத்தவர் அன்றன்று பறித்ததைப் பகிர்ந்துகொள்வது ஒரு முறை. எல்லாவற்றையும் பொதுச் சமையலுக்குக் கொடுத்துவிடுவது வேறொரு முறை. இரவில் எவரோ பறித்துக்கொண்டு போய்விடுவதால் வேலியும் பூட்டும் போட்ட தோட்டங்களும் உண்டு. பசித்தவன் பறித்தானா, ருசிக்காகப் பறித்தானா என்ற ஆராய்ச்சி ஒரு சிறுகதைக்குப் போதும். தமிழகத்து உழவர்க்கு இது புதிதன்று. ஒருவர் நிலத்தில் மற்றவர் நட்டுக் கொடுத்து, மறுவாரம் அவர் நிலத்தில் இவர் நட்டுக் கொடுக்கும் மாற்றாள் முறையில் கூலி இல்லை, ஆனால் கணக்கு உண்டு. அது நெஞ்சுக்குள் எழுதப்பட்ட கணக்கு.

கைகள் கிடைத்துவிடும். குறைந்தாலும் பெருகினாலும் எங்கும் நாலு பேர் இருக்கத்தான் செய்வார்கள். கடலூருக்கு வடக்கே, புதுச்சேரியை அடுத்த ஆரோவில்லில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய 'புத்தா கார்டன்' என்ற பண்ணையில் பல நாட்டுத் தொண்டர்கள் காலைப் பொழுதில் வந்து பாத்தி வெட்டியும் நாற்று நட்டும் உழைத்திருக்கிறார்கள். வெயிலுக்குப் பழகாத தோல் சிவந்து போகும், மறுநாளும் வந்தார்கள். ஆரோவில் மண் தனிமனிதர் எவர்க்கும் உரியதன்று என்ற கொள்கையே அங்கே அந்த உழைப்புக்கு இடம் கொடுத்தது. சிங்கப்பூரில் 2005இல் தேசியப் பூங்காக் கழகம் தொடங்கிய திட்டத்தின் கீழ் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் அடியில் ஆயிரத்துக்கு மேற்பட்ட தோட்டங்கள் எழுந்தன. மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் ஒரே பாத்திக்குத் தண்ணீர் விடுகிறார்கள். அங்கே நிலம் அரசின் கையில். இசைவும் அரசின் கையில். கைகளைத் திரட்டுவதைவிட, கைகளுக்கு அடியில் நிலத்தை நிறுத்திவைப்பதே கடினம் என்பது தெளிவாகிறது.

இதைச் சட்டத்தால் ஓரளவு கட்டிவைத்த நாடு இங்கிலாந்து. 1908ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஆறு வாக்காளர் ஒன்றுகூடி எழுத்து மூலம் கேட்டால், பயிரிடுவதற்குத் துண்டு நிலம் வழங்கும் கோரிக்கையை உள்ளாட்சி மன்றம் பரிசீலித்தாக வேண்டும். 1925ஆம் ஆண்டுச் சட்டம், இதற்கென வாங்கிய நிலத்தை அமைச்சரின் ஒப்புதல் இன்றி விற்கவோ வேறு பயனுக்கு மாற்றவோ கூடாது என்றது. அங்கே ஒவ்வொருவர்க்கும் தனித்துண்டு. கூடிப் பயிரிடுதல் குறைவு. ஆயினும் ஆறு பேர் என்ற அந்த எண்ணிக்கை சிந்திக்கத் தக்கது. ஓர் இலக்கிய வட்டம் தொடங்கவும் ஏறத்தாழ அத்தனை பேர்தானே வேண்டும்! தமிழகத்தில் 2013ஆம் ஆண்டையொட்டிச் சென்னையிலும் கோவையிலும் மாடித்தோட்டத்துக்கு மானிய விலையில் பையும் விதையும் கொடுத்தார்கள். நல்ல திட்டம். ஆனால் அவரவர் மாடியில் அவரவர் செடி. மாடி இல்லாதவர்க்கு அதில் இடமில்லை.

அப்படியானால் எல்லார்க்குமான நிலத்தை எழுத்து மூலம் எழுதிவைத்த வழக்கம் தமிழ் மண்ணில் இல்லையா? இருக்கிறது, தொலைவில் இல்லை, வடலூரில் இருக்கிறது. 1867இல் பார்வதிபுரத்து மக்கள் 80 காணி நிலத்தை, இன்றைய அளவில் ஏறத்தாழ 106 ஏக்கரை, வள்ளலாரின் அறப்பணிக்கு எழுதிக் கொடுத்தார்கள். அவ்வாண்டு மே 23ஆம் நாள் சத்திய தருமச்சாலை தொடங்கியது. அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. அதைப் பற்றி எழுதுவோர் அணையா அடுப்பையே பாடுகிறார்கள், முறையே. அந்த அடுப்புக்கு அடியில் ஊரார் எழுதிக் கொடுத்த பத்திரம் ஒன்று கிடக்கிறது என்பதைப் பாடியவர் குறைவு. பத்திரம் இருந்தும் அந்த நிலத்தில் ஒரு பகுதி ஆக்கிரமிப்பில் போனது பற்றிய வழக்கு உயர்நீதிமன்றம் வரை சென்றது. எழுதிக் கொடுப்பதோடு வேலை முடிவதில்லை. தைப்பூசத்தின்போது சுற்றுப்புற ஊர்களிலிருந்து அரிசியும் பூசணியும் வாழையிலையும் அங்கே வந்து இறங்குகின்றன. முன்பின் அறியாதவர் வரிசையாக அமர்ந்து காய் நறுக்குகிறார்கள். கூடி நறுக்கும் பழக்கம் இருக்கிறது. கூடி விளைவிக்கும் பழக்கமும் அதற்கு அடுத்த படிதான்.

கம்மாபுரம் வட்டாரத்தில் இதற்கு உடனே கிடைக்கக்கூடிய நிலம் எது என்று கேட்டால், பள்ளிக்கூடத்து நிலம் என்றுதான் சொல்லத் தோன்றும். அதை ஏலம் விடுவது எளிதன்று. 1982 முதல் சத்துணவு அடுப்பு அங்கே எரிகிறது. 2022இல் தொடக்கப் பள்ளிகளுக்குக் காலை உணவும் வந்தது. பள்ளி வளாகங்களில் ஊட்டச்சத்துத் தோட்டம் அமைக்க 2019இல் நடுவண் அரசு வழிகாட்டுதலை வெளியிட்டது. கீரையும் முருங்கையும் கத்தரியும் அங்கேயே விளைந்து அங்கேயே குழம்பில் விழலாம். கைகழுவும் நீர் பாத்திக்குப் போகலாம். ஆடிப்பட்டத்தில் விதைத்தால் புரட்டாசிக்குள் வெண்டை காய்த்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வடிகால் வெட்டாவிட்டால் கத்தரியின் வேர் அழுகும் என்பது இப்பகுதியில் சிறுவர்க்கும் தெரியும்.

சிக்கல் வேறோர் இடத்தில் வருகிறது. சித்திரை, வைகாசியில் பள்ளி மூடிக் கிடக்கும். அந்த மாதங்களில்தான் வெயில் கொளுத்தும். தை மாதத்தில் நட்ட முருங்கைப் போத்துக்கு அப்போதுதான் நீர் வேண்டும். ஆசிரியர் வெளியூரில் இருப்பார். பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். வாயிற்கதவில் பூட்டுத் தொங்கும். பள்ளிகளில் தொடங்கிய காய்கறித் தோட்டங்கள் ஆசிரியர் ஆர்வம் குறைந்து போவதற்கு முன்பே காய்ந்து போவது இந்த இரண்டு மாதத்தில்தான். தலைமையாசிரியரிடம் கேட்டு, கோடை முழுவதும் அந்தக் கதவுச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டு, நாளொருவராக முறை வைத்து, விடியலில் இருபது குடம் தண்ணீர் ஊற்ற ஊரில் ஆறு பேர் வேண்டும்.